ஆண்டுக்கு நாலு முறை ட்ராக் போகிறவருக்கு: டயரும் வீலும் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். தினமும் அலுவலகம் போய்வரும் ஸ்விஃப்டையோ பலேனோவையோ அங்கே இறக்கி நாலு சுற்று முழு வேகத்தில் ஓட்டினால், ஐந்தாவது சுற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் கார் நேராகவே போகப் பார்க்கும். முதல் சுற்றுகளில் கிரீச்சிட்டுப் பிடித்த முன் டயர் இப்போது எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஓட்டுநர் செய்த தவறு அல்ல இது. கம்பெனியிலிருந்து வரும் டயர் மைலேஜுக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் செய்யப்பட்டது. உயரமான ரப்பர் கட்டைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் நெளிகின்றன, நெளிவதால் சூடாகின்றன, அளவுக்கு மீறிச் சூடானதும் பிடியை விட்டுவிடுகின்றன. டயர், வீல், காற்று என்று நீங்கள் செய்யும் எல்லாத் தேர்வும் இந்தச் சூட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதில்தான் வந்து நிற்கும்.

ஆண்டுக்கு இரண்டு முதல் நாலு முறை, சொந்தக் காரில் வீட்டிலிருந்தே ஓட்டிப்போய், ஓட்டிவிட்டு அதே காரில் திரும்புகிறவருக்காக இதை எழுதுகிறோம். உதாரணக் கணக்குகளுக்கு 185/65 ஆர் 15 டயர் உள்ள மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். மற்ற ஹேட்ச்பேக்குகளுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதல் முறை எதையும் வாங்காதீர்கள்

முதல் ட்ராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாளுக்கு, காரில் இருக்கும் டயரே போதும், அது நல்ல நிலையில் இருந்தால். பிடி குறைந்த டயர் மெதுவாக, முன்கூட்டியே சத்தம் போட்டு நழுவும். காரின் எடை எப்படி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. பிடி மிகுந்த டயரோ கடைசி வரை பிடித்துவிட்டு, வேகம் கூடிய நிலையில் சட்டென்று விடும்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் டயருக்கு வைத்த பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள். ஈரம் இழுத்த பழைய ஆயில் ட்ராக்கில் கொதித்து, பெடல் தரை வரை போய்விடும். அந்த நேரத்தில் எந்த டயரும் காப்பாற்றாது.

இருக்கும் டயர் தகுதியானதா என்று பார்க்க, பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், அதைக் கொண்டுபோக வேண்டாம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும் என்றாலும், ட்ராக்குக்குப் புறப்படும்போது 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் திரும்பி வரவும் டயர் வேண்டும். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். கயிறு போன்ற ஸ்ட்ரிப்பைத் திணித்து ஒட்டிய பஞ்சர், சூட்டிலும் பக்கவாட்டு இழுப்பிலும் பிதுங்கி வெளியே வரலாம். புடைப்போ ஸ்ட்ரிப்போ இருக்கும் டயர் ட்ராக்குக்கு ஆகாது.

எந்த ரக டயர்

இரண்டாவது மூன்றாவது முறை போன பிறகு, வாங்கத் தோன்றும்போது கடையில் மூன்று ரகம் இருக்கும்.

சாதாரண டூரிங் டயர் முதல் ரகம். அமைதியாக ஓடும், நிறைய கிலோமீட்டர் வரும், ட்ராக்கில் மூன்று நாலு சுற்றுக்கு மேல் தாங்காது. கம்பெனி டயர் தேய்ந்தபின் இன்னொரு டூரிங் டயரே வாங்குவதானால் ட்ராக்கைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் எதுவும் தெரியாது.

இரண்டாவது, ஸ்போர்ட் ரகச் சாலை டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும், வெளித்தோளில் பெரிய, உடையாத ரப்பர் கட்டைகள் இருக்கும். மழையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆண்டுக்கு நாலு முறை போகிறவருக்கு இதுதான் சரியான டயர், இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

மூன்றாவது, 200 ரகம் என்று ட்ராக்காரர்கள் சொல்வது. யோகோஹாமா அட்வான் நியோவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை. அந்த 200 என்பது பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் தேய்மான எண். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாக இருக்கும், சீக்கிரம் தேயும். டூரிங் டயரில் பெரும்பாலும் 400-க்குப் பக்கத்தில் இருக்கும். இந்த எண்ணை டயர் கம்பெனிகள் தாங்களே சோதித்துத் தாங்களே அச்சிடுகின்றன, ஆகவே ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-உடன் ஒப்பிடுவதில் பயன் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் உதவும்.

200 ரக டயரில் சுற்று நேரம் நன்றாகக் குறையும். ஆனாலும் புதியவருக்கு அது வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. பட்டன் ஆழம் தொடக்கத்திலேயே குறைவு, தண்ணீரை வெளியே தள்ளும் கால்வாய்களும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் தேங்கிய நீர் மேல் கார் மிதக்கத் தொடங்கும். தேய்ந்த டயரில் இது இன்னும் மோசம். தவிர, 2020 ஜூன் முதல் புதிய கார் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்படுவதால், இந்த ரகம் வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில், புதிய தேதியில் கிடைப்பது அரிது. ஒரு டயர் கிழிந்தால் அதே ஜோடி கிடைக்காமல் நாலையும் மாற்ற நேரும். யாராவது பெட்டியில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் முதலில் தயாரிப்புத் தேதியையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயரில் அந்த முத்திரை கட்டாயம்.

எந்த ரகமானாலும் நாலும் ஒரே மாடலாக இருக்கட்டும். சிக்கனத்துக்காக முன்பக்கம் மட்டும் நல்ல டயர் போட்டால், திருப்பத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் வீசிப்போகும். முன்சக்கர இழுவைக் காரில் புதியவரைச் சுழற்றிவிடுவது பெரும்பாலும் இந்தச் சிக்கனம்தான்.

அளவுக் கணக்கு

185/65 ஆர் 15 88 எச். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. ரிம் 15 அங்குலம். 88 என்பது தாங்கும் எடைக் குறியீடு, 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. டி 190, வி 240. ஹேட்ச்பேக்குக்கு எச் போதும். ஆனால் ஒரே மாடலில் வி கிடைத்தால் அதையே வாங்கலாம், கூடுதல் வேகத்துக்குத் தேர்வான டயர் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும்.

மொத்த விட்டம் காண ரிம்மை 25.4-ஆல் பெருக்கி, பக்கச் சுவர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். 15 × 25.4 = 381. 185-இல் 65 விழுக்காடு 120.25, இரு மடங்கு 240.5. ஆக 621.5 மில்லிமீட்டர். புதிய டயர் இதிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.

இந்தக் கணக்கில் 195/60 ஆர் 15 டயர் 615 மில்லிமீட்டர் வருகிறது, ஒரு விழுக்காடு குறைவு. எடைக் குறியீடும் அதே 88. இருக்கும் 15 அங்குல ரிம்மிலேயே பெரும்பாலும் ஏறும், 5.5 முதல் 7 அங்குல அகல ரிம் இதற்குப் பொருந்தும். இந்த அளவில் நல்ல ஸ்போர்ட் டயர் கிடைத்துவிட்டால் வீல் வாங்கும் வேலையே இல்லை. கிடைக்காமல் போவதும் உண்டு, 60 உயரத்தில் கம்பெனிகள் அதிகமாகச் செய்வது டூரிங் டயரைத்தான்.

அப்போது கடைக்காரர் 195/55 ஆர் 15 காட்டுவார். அது 595.5 மில்லிமீட்டர், நாலு விழுக்காட்டுக்கு மேல் குறைவு. கார் 13 மில்லிமீட்டர் தாழும், ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், எடைக் குறியீடும் 85-க்கு இறங்கிவிடும், அதாவது 515 கிலோ. வேண்டாம். 16 அங்குலத்துக்கு ஏறி 195/55 ஆர் 16 பாருங்கள். விட்டம் 620.9, கம்பெனி அளவோடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கண்ணி மட்டும் இதிலும் உண்டு. இந்த அளவின் சாதாரண டயருக்கு எடைக் குறியீடு 87, அதாவது 545 கிலோ. கம்பெனி கொடுத்ததைவிடக் கீழே போகக் கூடாது என்பது எங்கள் விதி, ஏனென்றால் வேகமான வலது திருப்பத்தில் காரின் முன்பாதி எடையில் பெரும்பங்கு இடது முன் டயர் ஒன்றின் மேல் வந்து உட்காரும். கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் என்று குறித்த 91 கிடைத்தால் கணக்கு நேராகிவிடும்.

17 அங்குலம் பார்க்க அழகு. ஆனால் ரப்பர் சுவர் மெலிந்து, ட்ராக்குக்குப் போகும் வழியிலேயே ஒரு பள்ளத்தில் ரிம் நெளியும். விலை குறைந்த 17 அங்குல வார்ப்பு வீல் கனமாகவும் இருக்கும். ஹேட்ச்பேக்குக்கு 16-ஓடு நிறுத்துங்கள்.

வீல் வாங்கும்போது

வீல் காரில் ஏறுமா என்பதை ஐந்து அளவுகள் தீர்மானிக்கின்றன. ஐந்தும் சரியாக இருக்க வேண்டும், நாலு சரியானால் போதாது.

பிசிடி என்பது நட்டுத் துளைகள் அமைந்த வட்டம். ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் ஐ20-க்கும் 4×100 (நாலு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம்), ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 5×100. ஃபியட் புன்டோவின் வீல் 4×98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று அதை ஸ்விஃப்டில் வைத்து முடுக்கினால் நட்டு இழுத்துப் பிடித்து ஏறியும் விடும். ஆனால் நட்டு ஏறும் தண்டுகளான ஸ்டட்கள் சாய்வாக இழுபட்டு நிற்கும், நட்டின் கூம்பு இருக்கையில் முழுதாக உட்காராது. ட்ராக்கில் அது தளரும் அல்லது ஸ்டட் முறியும்.

வீலின் நடுத்துளை ஸ்விஃப்டில் 54.1 மில்லிமீட்டர், போலோவில் 57.1. வெளிச்சந்தை வீல்களில் துளை பெரிதாக இருக்கும், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தருவார்கள். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் உருகி, காரில் வீல் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பில் ஒட்டிக்கொள்ளும். அலுமினிய வளையம் கேட்டு வாங்குங்கள்.

ஆஃப்செட்தான் அதிகம் பேரைக் குழப்புவது. வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதுதான் அது, இடி (ET) என்ற எழுத்துகளோடு குறித்திருக்கும். எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். 6 அங்குல அகலம், இடி 40 உள்ள வீலை எடுத்துவிட்டு 6.5 அங்குலம், இடி 38 போட்டால் என்ன ஆகும்? அரை அங்குலக் கூடுதல் இரு பக்கமும் 6.35 மில்லிமீட்டராகப் பிரியும். வெளிப்பக்கம் அதோடு 2 கூடி 8.35, உட்பக்கம் 2 கழிந்து 4.35. உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே அந்த 4.35 போக இடம் மிஞ்சுகிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பியும், பின்னிருக்கையில் ஆள் ஏற்றியும் பார்க்க வேண்டும். ஆஃப்செட்டை நிறையக் குறைத்து வீலை வெளியே தள்ளினால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் போடும்போது இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

நட்டின் மறை (த்ரெட்) விஷயத்தில் சுசூகிக்கு 12×1.25, ஹூண்டாய்க்கு 12×1.5. இரண்டும் 12 மில்லிமீட்டர் என்பதால் மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகும், ஏர் கன் வைத்திருப்பவர் அடித்து ஏற்றிவிடுவார், ஸ்டட்டின் மறை அழியும். நட்டைக் கையாலேயே திருகி ஏற்றுங்கள். ஸ்டட்டின் தடிமன் அளவாவது மறை பிடித்திருக்க வேண்டும். 12×1.25-க்குக் குறைந்தது பத்துச் சுற்று, 12×1.5-க்கு எட்டு.

ஐந்தாவது, நட்டின் இருக்கை. வெளிச்சந்தை வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன் கம்பெனி நட்டும் போல்ட்டும் உருண்டை வடிவம். உருண்டையைக் கூம்பில் வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும், எவ்வளவு முடுக்கினாலும் தளரும். புது வீலோடு புது நட்டையும் சேர்த்து வாங்குவதுதான் சரி.

பழைய அலாய் வீல் மலிவாகக் கிடைக்கும். பெண்ட் எடுத்த வீலும் வெல்டிங் வைத்த வீலும் அந்த மலிவில்தான் கலந்து வரும். சூடாக்கித் தட்டி நேராக்கிய இடத்தில் அலுமினியத்தின் வலு போய்விடுகிறது. வீலின் பின்பக்கத்தைக் கழுவிவிட்டு, கைகள் நடுவோடு சேரும் இடங்களில் விரிசல் தேடுங்கள், பெயின்ட் புதிதாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். புதிதில், ஜப்பானிய தர முத்திரையான ஜேடபிள்யூஎல், விஐஏ குறிகள் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கலாம். எடையைக் கடைக்காரர் வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டாம், வீட்டுத் தராசைக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். கம்பெனி வீலைவிடக் கனமான வீலுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

மாட்டுவதும் பழக்குவதும்

ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், அங்கே ஒரு துரும்பு இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். மறையில் கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், அதே டார்க்கில் (முடுக்கும் விசையில்) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கடைசி முடுக்கை டார்க் ரெஞ்ச்சால் செய்யுங்கள். அளவு காரின் கையேட்டில் இருக்கும், ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பேலன்சிங்குக்கு ரிம்மின் உட்பக்கம் ஒட்டும் எடைகள் பிரேக் சூட்டில் பசை இளகிப் பறந்துவிடும். அதன் மேல் அலுமினிய டேப் ஒரு சுற்று ஒட்டச் சொல்லுங்கள்.

புத்தம் புது டயரை நேராக ட்ராக்கில் இறக்காதீர்கள். மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், 8 மில்லிமீட்டர் உயரக் கட்டைகள் நெளிந்து ஓரங்கள் பிய்ந்துபோகும். சாலையில் 200 கிலோமீட்டராவது ஓடட்டும். பட்டன் 5 மில்லிமீட்டருக்கு வந்த ஸ்போர்ட் டயர்தான் உலர்ந்த ட்ராக்கில் புதியதைவிட நன்றாக ஓடும். அதனால் டயர் வாங்கச் சரியான நேரம் ட்ராக் டேவுக்கு முந்தைய நாள் அல்ல, சில மாதங்களுக்கு முன்.

காற்று

செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் ட்ராக்குக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவதும் இதையே.

டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். நிழலில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்காற்று 70 டிகிரிக்குப் போகும்போது 36 ஆகிவிடும். நைட்ரஜனிலும் இதே கணக்குதான், சாதாரணக் காற்றின் ஈரம் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. ஆகவே ட்ராக்கில் குளிர்ந்த அழுத்தம் முக்கியமல்ல, ஓடி முடித்த உடனே இருக்கும் சூடான அழுத்தம்தான் முக்கியம். 900 கிலோ அளவு எடையுள்ள ஹேட்ச்பேக்குக்குச் சூடாக 35 பிஎஸ்ஐ என்ற இலக்கோடு தொடங்குங்கள்.

1. சொந்தமாக ஒரு டிஜிட்டல் அளவுமானியும் காரில் செருகும் காற்று பம்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் அளவுமானிகள் ஒன்றுக்கொன்று 2, 3 பிஎஸ்ஐ வேறுபடும்.

2. வீட்டிலிருந்து ட்ராக் வரை கதவோரத் தகட்டில் உள்ள அழுத்தத்திலேயே ஓட்டுங்கள். முன்கூட்டிக் குறைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

3. முதல் செஷனுக்கு முன், டயரின் தோளில் மூன்று இடங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பட்டனின் ஓரத்தில் தொடங்கி பக்கச் சுவரில் இரண்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

4. இரண்டு சுற்று சூடேற்ற, மூன்று நாலு சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற. அதற்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டினால் சாலை டயர் வழுக்கத்தான் செய்யும்.

5. உள்ளே வந்து நிறுத்திய இரண்டு நிமிடத்துக்குள் நாலையும் அளந்து, 35-க்கு மேல் இருப்பதை இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

6. சாக்கைப் பாருங்கள். பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிந்து அதன் மேல் உருண்டிருக்கிறது, அடுத்த முறை 1 அல்லது 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். பட்டனின் ஓரத்திலேயே கோடு அழியாமல் நின்றால் காற்று அதிகம். தோளும் சுவரும் சேரும் இடத்தில் சில டயர்களில் சிறு முக்கோணம் இருக்கும், சாக் அங்கே வரை அழிவது சரியான அளவு.

7. ஆறிய பிறகு மீண்டும் அளந்து நாலு எண்ணையும் வெயில் நிலையோடு குறித்துவையுங்கள். அடுத்த ட்ராக் டேவுக்கு அதுவே தொடக்கம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டம் வலச்சுற்று என்பதால் இடது டயர்கள் கூடுதலாகச் சூடாகும். நாலையும் சூட்டில் ஒரே அளவுக்கு இறக்கினால், ஆறியபின் இடதில் காற்று குறைவாகக் காட்டும். அது பிழை அல்ல, அப்படியே விடுங்கள். காரை வெயிலில் நிறுத்தி அளந்தால் வெயில் படும் பக்கம் பொய் சொல்லும், நிழலில் நிறுத்துங்கள். பின் டயரில் காற்றைக் கூட்டிக் காரைச் சுறுசுறுப்பாக்கலாம் என்று பக்கத்து ஷெட்டில் யோசனை சொல்வார்கள். பின்பக்கம் நழுவும்போது திருப்பிப் பிடிக்கப் பழகும் வரை அது வேண்டாம்.

தேய்மானம் சொல்வது

முன் டயரின் வெளித்தோள் மட்டும் உருண்டு தேய்ந்து, உள்பாதி புதிதாக இருந்தால், சக்கரத்தின் சாய்வு கோணம் (கேம்பர்) போதவில்லை. காற்றைக் கூட்டிச் சரிசெய்ய ஓரளவே முடியும். கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி அளவு சாய்த்தால் டயரின் ஆயுளே நீளும். அதற்குப் பின் டோ கோணத்தையும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கட்டாயம் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையிலேயே டயர் தீர்ந்துவிடும்.

பட்டனில் சிறு குழிகளும் கொப்புளங்களும் வந்தால் ரப்பர் உள்ளே வெந்திருக்கிறது. சுற்றுகளைக் குறையுங்கள். கட்டையின் ஓரங்கள் துண்டுதுண்டாகப் பிய்ந்தால் டயர் புதிதாக இருக்கலாம், அல்லது திருப்பத்தின் நடுவில் ஸ்டீயரிங்கை அளவுக்கு மீறித் திருப்பித் தேய்க்கிறீர்கள். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்தால் பிரேக்கில் சக்கரம் பூட்டியிருக்கிறது, நூல் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. ஒவ்வொரு ட்ராக் டேவுக்குப் பிறகும் முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள், முன் இடது தேய்வது போல எதுவும் தேயாது. ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயரை இடம் வலமாக மாற்ற ரிம்மிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். வெளிப்பக்கம், உட்பக்கம் என்று மட்டும் குறித்த டயருக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் டயர் நன்றாக ஆறட்டும். நாலிலும் தகட்டில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றி, இடது வலதைச் சமமாக்குங்கள். வால்வு மூடிகள் நாலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, குனிந்து உட்பக்கச் சுவர்களில் கையைத் தடவுங்கள், ட்ராக்கின் ஓர மேடான கெர்பில் ஏறிய அடி வெளியே தெரியாமல் உள்ளே புடைத்திருக்கும். புடைப்பு கையில் பட்டால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.